அழுதவன் கையெழுத்துப் போடவில்லை

லாமண்ட் ப்ரூயிட் அழுதது நடிப்பு என்று நான் சொல்லவில்லை. நிஜமாகத்தான் அழுதான். மூக்கு ஒழுக, தோள் குலுங்க, சாம்பல் நிறக் கோட்டின் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இருநூறு பேர் முன்னால் அழுதான். ஆனால் அவன் கண்ணீரை வைத்து நான் என்ன செய்ய? எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கையெழுத்து. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முன்னால் வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை என் வீட்டு வழக்கு. வீடு என்றால் ஏதோ மாளிகை என்று நினைக்க வேண்டாம். கிளீவ்லாந்தின் கிழக்குப் பக்கம், மரவீடு, மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, முன்வாசலில் ஒரு ஊஞ்சல். என் புருஷன் எல்ராய் டாக்கெட், வார்ப்படசாலையில் இருபத்திரண்டு வருஷம் நெருப்பில் வெந்து கடன் கட்டி முடித்த வீடு. கடன் தீர்ந்த அன்றைக்கு அடமானக் காகிதத்தை ஒரு வாணலியில் போட்டுக் கொளுத்தி, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டோம். எங்கள் ஆட்களில் அது வழக்கம். கொளுத்தியதோடு பேசாமல் இருந்திருக்க வேண்டும். பதினோரு வருஷம் கழித்து, கூரை ஒழுகுகிறது, ஹீட்டர் வெடித்துவிட்டது என்று மறுபடியும் போய்க் கடனில் விழுந்தோம். விழுந்தது என்று சொல்வானேன், லாமண்ட் கையைப் பிடித்து அழகாகக் கூட்டிக்கொண்டு போனான்.

லாமண்ட் எங்கள் சபைப் பையன். சபையின் சொத்துகளைப் பார்த்துக்கொள்ளும் கமிட்டியிலும் இருந்தான். ஒரு பெரிய வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் வேலை. 2005இல் வெள்ளிக்கிழமைதோறும் சபையின் நிலவறைக் கூடத்துக்கு ஒரு ஃபைலோடு வந்துவிடுவான். வெள்ளிக்கிழமை அங்கேதான் நான் மீன் பொரிப்பேன். மீன், கோஸ் சாலட், சோளரொட்டி, ஒரு துண்டு பீச் பழப் பணியாரம், எல்லாம் சேர்த்து ஏழு டாலர். காசு முழுக்கக் கட்டட நிதிக்கு. எனக்குச் சம்பளம் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இருந்துதான், மாதம் ஆயிரத்து அறுநூறு. அதையும் லாமண்டிடம் சொன்னேன், சம்பளச் சீட்டையும் கொடுத்தேன்.

நான் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். காகிதங்களை அவன் கொண்டுவந்தது சாயங்காலம் நாலரை மணிக்கு. எண்ணெய் காய்ந்துவிட்டது, வரிசை படிக்கட்டு வரை நிற்கிறது, என் விரலெல்லாம் மாவு. "சிஸ்டர் வெர்லீன், மஞ்சச் சீட்டு ஒட்டியிருக்கற இடத்துல மட்டும் போடுங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிட்டேன்" என்றான். அறுபது பக்கம். மாவுக் கையோடு போட்டேன். எல்ராய் வீட்டில் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் போட்டான். அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் நான் எழுந்து, கர்த்தர் பிரதர் லாமண்ட் மூலமாக எனக்கு ஒரு கூரையைக் கொடுத்தார் என்று வேறு சொல்லிவைத்தேன். சபையே ஆமென் போட்டது.

இரண்டு வருஷம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் மாதத் தவணை திடீரென்று ஒன்றரை மடங்கானது, பிறகு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதெல்லாம் அந்த அறுபது பக்கத்தில் எங்கோ எழுதியிருக்கிறதாம். கட்ட முடியவில்லை. வங்கி வழக்குப் போட்டது. ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் அலுவலகத்தில் மிஸ் காஃப்மன் என்ற சின்ன வயது வக்கீலம்மா எங்கள் வழக்கை எடுத்துக்கொண்டாள். அவள்தான் வங்கியிடமிருந்து என் விண்ணப்பத்தின் நகலை வாங்கி, மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"டாக்கெட் கேட்டரிங், சொந்தத் தொழில், மாச வருமானம் நாலாயிரத்து இருநூறு டாலர்னு போட்டிருக்கே. உங்களுக்குக் கேட்டரிங் தொழில் இருக்கா, மிஸஸ் டாக்கெட்?"

"எனக்கு எண்ணெய்ச் சட்டி ஒண்ணு இருக்கு" என்றேன்.

அடப்பாவி! கர்த்தருக்காக நான் பொரித்த மீனை எனக்குத் தொழிலாக்கிவிட்டான். இல்லாத வருமானத்தை எழுதினால்தான் கடன் பாஸாகும். இப்போது வங்கி என்ன சொல்கிறது என்றால், இந்த அம்மாள் பொய்க் கணக்குக் காட்டி எங்களை ஏமாற்றிக் கடன் வாங்கியவள், இவளுக்கு இரக்கம் காட்ட வேண்டியதில்லை என்கிறது. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் சமைத்தவள், ஒரு பால் பாக்கெட்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. நான் ஏமாற்றுக்காரி!

"அதை எழுதினது அவர்தான், உங்களுக்குத் தெரியாதுன்னு அவரே ஒரு பிரமாண வாக்குமூலம் கொடுத்தா போதும்" என்றாள் மிஸ் காஃப்மன். "அப்புறம் ஏமாத்தினது வங்கிதான்னு ஆயிடும். வீட்டைக் காப்பாத்திடலாம். அது இல்லேன்னா என்கிட்ட ஒண்ணுமே இல்ல." ஒரே பக்கத்தில் தட்டச்சுச் செய்து, அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டுக் கொடுத்தாள்.

மூன்று வாரம் அந்தக் காகிதத்தோடு அலைந்தேன். லாமண்ட் போனை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் அவன் மனைவி கதவைப் பாதி திறந்து, அவர் ஊரில் இல்லை என்பாள். உள்ளே அவன் இருமுவது கேட்கும். வங்கி அந்தப் பிரிவையே மூடி, அவனையும் வேலையை விட்டு அனுப்பியிருந்தது.

"உன் சபை, உன் லாமண்ட், உன் மீன்" என்றான் எல்ராய். "மூணும் சேந்து என் வீட்டை முழுங்கிடுச்சு."

"நீ மட்டும் படிச்சுப் பாத்தா கையெழுத்துப் போட்டே? ஆட்டம் பாத்துக்கிட்டே போட்டவன்தானே?"

"அன்னைக்கு அந்த ஆட்டமும் தோத்துச்சு" என்றான். அவன் அப்படித்தான். வயிற்றெரிச்சல் அதிகமானால் ஜோக் அடிப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லாமண்ட் சபைக்கு வந்தான். சாட்சி நேரத்தில் தானாகவே எழுந்து முன்னால் போய் மைக்கைப் பிடித்தான்.

"நான் பாவம் பண்ணிட்டேன்" என்றான். "உங்க ஃபார்ம்கள்ல இல்லாததையெல்லாம் நானே எழுதினேன். உங்களுக்குத் தெரியாம எழுதினேன். இந்தச் சபையில பதினாலு குடும்பம். என்னை நம்பினவங்க. எனக்கு ராத்திரியில தூக்கமே வரல."

சொல்லிவிட்டான்! வாயைத் திறந்து சொல்லிவிட்டான்! காகிதம் என் கைப்பையில்தான் இருந்தது. பக்கத்தில் ஓசெல்லா உட்கார்ந்திருந்தாள். ஓசெல்லா என் சிநேகிதி, ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் வேலை, கையெழுத்துக்குச் சான்று கொடுக்கும் நோட்டரியும்கூட. முத்திரை எப்போதும் அவள் பையில் இருக்கும். அவளுடைய வீடும் லாமண்டின் பதினாலில் ஒன்று. வசந்த காலத்திலேயே ஏலத்தில் போய்விட்டது, இப்போது மகள் வீட்டு சோபாவில் படுக்கிறாள்.

"ஓசெல்லா, முத்திரையை எடு. இப்பவே கையெழுத்து வாங்கிடலாம்" என்று அவள் காதில் சொன்னேன்.

ஓசெல்லா எழுந்தாள். ஆனால் பையைத் திறக்கவில்லை. நேராக முன்னால் போய் லாமண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், மொத்தச் சபையும் எழுந்துவிட்டது. அல்லேலூயா என்கிறார்கள், ஸ்தோத்திரம் என்கிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அவனைத் தழுவுகிறார்கள். ஆர்கன் பிளந்து கட்டுகிறது. வீடு போனவர்கள் எல்லாம் வீட்டை எடுத்தவனுக்கு முதுகைத் தடவிக் கொடுக்கிறார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நானும் போனேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவன் எதிரில் நின்று, காகிதத்தையும் பேனாவையும் நீட்டினேன்.

"சிஸ்டர் வெர்லீன், என்னை மன்னிச்சிடுங்க" என்றான்.

"மன்னிச்சாச்சு. கையெழுத்துப் போடு."

அவன் காகிதத்தைப் பார்த்தான். பிறகு பாஸ்டர் ஹேஸ்கின்ஸைப் பார்த்தான்.

"இப்ப மைக்ல சொன்னியே தம்பி, அதேதான் இதுலயும் இருக்கு. ஒரு வார்த்தை கூடவும் இல்ல, கொறயவும் இல்ல. போடு."

"சிஸ்டர், இது கர்த்தரோட வீடு" என்று பாஸ்டர் என் முழங்கையைப் பிடித்தார். "கோர்ட்டுக் காகிதத்தை இங்க நீட்டாதீங்க."

"என் வீட்டைப் பிடுங்கின காகிதத்தை இதே கட்டடத்துலதானே பாஸ்டர் நீட்டினாங்க? அப்ப ஒண்ணும் சொல்லலியே நீங்க?"

ஆர்கன் சத்தம் கூடியது. பேனாவைப் பிடித்தபடி ஒரு பாட்டு முழுக்க அங்கேயே நின்றேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்து பாஸ்டர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான், லாமண்ட், ஓசெல்லா. உட்கார்ந்ததும் லாமண்ட் கையைப் பிசைய ஆரம்பித்தான்.

"கையெழுத்துப் போட்டா ஜெயிலுக்குப் போயிடுவேன், சிஸ்டர். எனக்கு மூணு பிள்ளைங்க. நானா ஆசைப்பட்டா எழுதினேன்? வாரத்துக்குப் பத்து கடன் வேணும்னு மேல இருந்து கழுத்தைப் பிடிச்சாங்க. ஃபார்ம் நிறையணும், எப்படி நிறையுதுன்னு நாங்க கேக்க மாட்டோம்னாங்க."

"அந்த மேல இருந்தவங்கல்லாம் இப்ப எங்க?"

"போனஸ் வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஒருத்தரு ஃப்ளோரிடாவுல படகு வாங்கியிருக்காராம்."

"அவங்களுக்கு ராத்திரி தூக்கம் வருதாமா?"

அவன் கோட்டின் கையால் மறுபடியும் மூக்கைத் துடைத்தான். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது, அதுதான் எரிச்சல். கொஞ்சமாவது கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். இவன் நல்லவன்தான். நல்லவனாகவே இருந்துகொண்டு பதினாலு வீட்டை எழுதிக்கொடுத்திருக்கிறான்.

"அவன் மனந்திரும்பிட்டான், வெர்லீன்" என்றாள் ஓசெல்லா. "இனிமே இழுத்து என்ன ஆகப்போவுது?"

"உன் வீடு போயிடுச்சு, அதனால இழுத்து என்னன்னு கேக்கறே. என் வீடு இன்னும் போகலடி!"

"என்னை அவன்கிட்ட போகச் சொன்னதே நீதான். கூரை கொடுத்தாரு கர்த்தர்னு எழுந்து நின்னு சொன்னியே. நான் உன்னை ஏதாவது கேட்டேனா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அவளிடம் நான் அதுவரை மன்னிப்புக் கேட்டதுகூட இல்லை.

பாஸ்டர் சமாதானமாகப் பேசினார். பீடத்துக்கு முன்னால் சொன்னது பீடத்தோடு இருக்கட்டும் என்றார். என் கண் கீழே போயிற்று. அறையில் ஒயின் நிறத்தில் புதுக் கார்ப்பெட். சபையார் வாங்கும் ஒவ்வொரு கடனுக்கும் வங்கி சபைக்கு முந்நூற்றைம்பது டாலர் காணிக்கை கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். அறிவிப்புப் பலகையில் நன்றி எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"இந்தக் கார்ப்பெட்ல என் வீடு எத்தனை அடி, பாஸ்டர்?" என்று கேட்டேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு லாமண்ட் பக்கம் திரும்பி, "கையெழுத்து வேண்டாம். வியாழக்கிழமை நீ கோர்ட்டுக்குப் போ. கேட்டா உண்மையைச் சொல்லு" என்றார்.

"கேட்டா சொல்றேன், சிஸ்டர்" என்றான் லாமண்ட். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னான்.

மிஸ் காஃப்மனிடம் சொன்னதும் துள்ளாத குறைதான். காகிதத்தைவிட ஆளே வந்தால் இன்னும் நல்லது என்றாள். புதன்கிழமை எல்ராய் முன்வாசல் படியில் ஆடிக்கொண்டிருந்த பலகையை ஆணி அடித்துச் சரிசெய்தான். இரண்டு வருஷமாக அதைத் தொடாதவன். ஆணி அடிக்கும் சத்தம் கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வியாழக்கிழமை லாமண்ட் வந்திருந்தான். அதே சாம்பல் நிறக் கோட்டு. கோர்ட்டு அறையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தான். அவன் பக்கத்தில் நான் பார்த்தறியாத ஒரு வக்கீல். வங்கி செலவில் வந்தவர் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதலில் வங்கியின் வக்கீல் என்னைக் கேட்டான். இளவட்டம், பளபளக்கும் ஷூ.

"மிஸஸ் டாக்கெட், இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"வெள்ளிக்கிழமை மீன் பொரிச்சு விக்கறீங்களா?"

"சபைக்காகப் பொரிக்கறேன்."

"சாப்பிடறவங்க உங்க கையில காசு கொடுக்கறாங்களா?"

"கையில கொடுக்காம எண்ணெய்ச் சட்டியிலயா போடுவாங்க?"

யாரோ சிரித்தார்கள். நீதிபதியம்மா சிரிக்கவில்லை. மிஸ் காஃப்மன் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள். "அப்ப சாப்பாடு வித்துக் காசு வாங்கறீங்க. நன்றி" என்று அவன் உட்கார்ந்துவிட்டான். ஏதோ திருடியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி!

மிஸ் காஃப்மன் எழுந்து லாமண்டைக் கூப்பிட்டாள். அவன் கூண்டில் ஏறினான். வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்து, உண்மையைச் சொல்வதாகப் பிரமாணம் செய்தான். என் பக்கத்தில் எல்ராய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"மிஸ்டர் ப்ரூயிட், மிஸஸ் டாக்கெட்டுக்குக் கேட்டரிங் தொழில் இருக்குன்னு இந்த விண்ணப்பத்துல எழுதினது யாரு?"

லாமண்ட் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தான். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். வாசித்தான்.

"என் வக்கீலின் ஆலோசனைப்படி, எனக்கு எதிராக நானே சாட்சி சொல்லாமலிருக்க அரசியல் சட்டம் அளித்துள்ள உரிமையைக் கொண்டு, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கிறேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. ஏதோ முன்னுரை வாசிக்கிறான், அப்புறம் சொல்வான் என்று காத்திருந்தேன். மிஸ் காஃப்மன் மறுபடி கேட்டாள். மிஸஸ் டாக்கெட் உங்களிடம் தன் சம்பளம் எவ்வளவு என்று சொன்னார்? மறுபடி அதே அட்டை. போன ஞாயிற்றுக்கிழமை சபையில் இதைப் பற்றி ஏதாவது சொன்னீர்களா? மூன்றாம் தடவை அட்டையைப் பார்க்கக்கூட இல்லை, மனப்பாடமாகவே வந்துவிட்டது.

"லாமண்ட்!" என்று கத்திவிட்டேன். "இருநூறு பேர் முன்னால சொன்னியேடா! அந்த அம்மா ஒருத்திக்கிட்ட சொல்லேன்!"

நீதிபதியம்மா சுத்தியலைத் தட்டவில்லை. என்னை உட்காரச் சொல்லி மெதுவாகத்தான் சொன்னார். விண்ணப்பத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். தன் முன்னால் இருப்பது கையெழுத்துப் போட்ட காகிதம், அதை மறுக்க என் பேச்சைத் தவிர வேறு சாட்சியம் இல்லை, சபையில் கேட்டவர்கள் ஒருவரும் வந்து சொல்லவில்லை, தன்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்றார். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. யாருக்குமே பிடிக்கவில்லை. இந்த விஷயம் முழுக்கவே யாருக்கும் பிடிக்காமல், எல்லோரும் வருத்தப்பட்டுக்கொண்டே செய்து முடித்தது. வீட்டை ஏலம் விட உத்தரவு வந்தது. மொத்தம் இருபது நிமிஷம்.

வெளியே நடைக்கூடத்தில் லிஃப்டுக்காக நின்றோம். மிஸ் காஃப்மன் சுவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லாமண்ட் தன் வக்கீலை விட்டுவிட்டு எங்களிடம் வந்தான்.

"கேட்டா சொல்றேன்னு சொன்னியே" என்றேன். கத்தவில்லை. கத்தத் தெம்பில்லை.

"காலையிலதான் அந்த அட்டையைக் கொடுத்தாங்க, சிஸ்டர். இதைத் தவிர ஒரு வார்த்தை பேசினாலும் வக்கீல் கிடையாது, கைவிட்டுடுவோம்னாங்க." அவன் கண்ணில் மறுபடியும் நீர் நின்றது. "ஆனா கர்த்தர் சாட்சியா சொல்றேன், உள்ள உக்காந்திருந்த நேரம் பூரா உங்களுக்காகத்தான் ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

எல்ராய் ஒரு அடி முன்னால் வைத்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்னால நீங்க சபையை விட்டுடக் கூடாது" என்றான் லாமண்ட். "ஞாயித்துக்கிழமை வருவீங்கல்ல? எல்ராய் அண்ணனுக்கு முட்டி வலி, காரு ஓட்ட வேணாம். இப்ப சபை வேனை நான்தான் ஓட்டறேன். வாராவாரம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன். எத்தனை மணிக்கு வரட்டும்?"

"எந்த வீட்டுக்கு வருவே?" என்று கேட்டேன்.

லிஃப்டு வந்து கதவு திறந்தது, நானும் எல்ராயும் ஏறிக்கொண்டோம்.